அடைக்கோழியும் நாட்டுக் குஞ்சும்

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுங்கால் நம் அங்கத்தினர்களிற் பலர் முட்டைக் கணக்கையே முதலில் கேட்கின்றனர். நாட்டுக் கோழி வருஷத்திற்கு 50, 60 முட்டைகளே இடும். வெள்ளை லெகார்னோ 250-ஐத் தாண்டும். இக்கணக்கில் நாட்டுக் கோழி தோற்றே போகும். ஆயினும் முட்டை மிகுதி ஒன்றையே கருதித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட லெகார்ன் ஜாதியில், அடைகாக்கும் இயல்பு ஏறக்குறைய அற்றே விட்டது. குஞ்சு பொரிக்கும் இயந்திரம் இல்லையேல் அதற்குச் சந்ததி இல்லை.

இப்பொழுது நாட்டுக் குஞ்சு என்று கூவி விற்கப்படுபவற்றுள் கலப்பினமும் உண்டு. அவை விரைவில் எடை கூடும் என்பது மெய்யே. ஆனால் அவற்றின் பெட்டைகளில் அடைக்கு உட்காராதவை அநேகம். தெருவில் தாய்க்கோழி அற்றுப் போகுமாயின், ஒவ்வொரு முறையும் குஞ்சை விலை கொடுத்தே வாங்கவேண்டி வரும். நமது கவலை இதுவே.

அடைக்கு ஏற்றது சிறுவிடை. அசீல், பெருவிடை ஆகியவை குஞ்சைக் காப்பதில் வீரம் மிக்கவையெனினும், உடல் கனத்தால் முட்டையை மிதித்து உடைப்பதுண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்துக் கடக்நாத்தோ அடைக்கு உட்காருவதே அரிது. ஆதலின் அதன் முட்டைகளையும் சிறுவிடையிடமே ஒப்படைப்பது நன்று.

பெட்டை இரவிலும் கூட்டை விட்டு எழாமல், சிறகைச் சிலிர்த்துக் கேறிக்கொண்டிருந்தால் அடைக்குத் தயார் என்று அறியலாம். உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாமல், இரண்டு இரவு கூமுட்டைகளின் மீது உட்கார வைத்துச் சோதிக்கவேண்டும். அடைக்கு வைக்கும் முட்டைகள் ஒரு வாரத்திற்கு மேற்படாதவையாக இருத்தல் நலம். அவற்றைத் தண்ணீர்ப் பானையின் அருகே குளிர்ந்த மணலில், கூர்முனை கீழாக நிறுத்தி வைக்கலாம்; கழுவுதல் கூடாது. கத்திரி வெயிலில் சேர்த்த முட்டைகளில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும். எனவே கோடை அடையைக் காட்டிலும் மார்கழி, தை மாதத்து அடையே பலன் தருவது.

மூங்கிற் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு 10 அல்லது 12 முட்டைகள் வைத்தாற் போதும். பேராசையால் ஒரு முறை நான் 18 வைத்தேன், பொரித்தவை ஐந்தே. காரணம் எளிது. ஓரத்து முட்டை குளிர்கிறது. தாய் அதனை நடுவே தள்ளி நடுவிலிருந்ததை ஓரத்துக்கு ஒதுக்குகிறாள். இவ்வாறு முறை வைத்து எல்லா முட்டைகளும் குளிர்ந்து போகின்றன! இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடும் வழக்கம் நம்மவரிடை உண்டு. அதனால் தீங்கில்லை, ஆனால் அதைவிட முக்கியம் பேனை ஒழிப்பது. பேன் கடி பொறாத தாய் பாதியில் எழுந்துவிடும். அடை வைக்குமுன் சாம்பலில் புரளவிட்டு, கூடையில் வேப்பிலை இடுக.

தாய் தினம் ஒரு முறை எழுந்து தீனி தின்று, எச்சமிட்டு, கால் மணியில் திரும்பும். எழாத கோழியை நாமே மெல்ல எடுத்து வெளியே விடவேண்டும். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கின் ஒளியில் பார்த்தால் சிலந்தி போன்ற இரத்த நாளங்கள் தெரியும். தெரியாதவை கூமுட்டைகள், நீக்கிவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பின் கூடையைத் தொடாதிருப்பதே உத்தமம். 21-ஆம் நாள் பொரிக்கும்.

பொரித்தவுடன் தீனிக்கு அவசரம் வேண்டா. வயிற்றில் ஒடுங்கிய மஞ்சட்கரு ஒரு நாளைக்கு மேல் குஞ்சைத் தாங்கும். பிறகு கம்புக் குருணையும், கூழாங்கல் இட்ட ஆழமற்ற தட்டில் நீரும் வைக்கலாம். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும்; இயந்திரத்தில் மின்சாரம் செலவிட்டுத் தருவதைத் தாயின் சிறகு இலவசமாகத் தருகிறது. வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளைத் தாயிடம் சேர்ப்பதாயின், பொரித்த இரண்டொரு நாளுக்குள், இரவில், சிறகின் கீழ் மெல்லச் செருகிவிடவேண்டும். பகலில் விட்டால் கொத்திவிடும்.

பருந்துக்கும் கீரிக்கும் பஞ்சாரமே காவல். நெசவாளர் வீடுகளில் பஞ்சாரத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் காலையில் கோழி அவிழ்ந்து திரிந்தால் என்ன நேரும் என்பதைத் தறிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தாயின் சிறகு காவலாகாது. அது தெருவுக்குள் புகுந்தால் ஒரு வாரத்தில் கூடை காலி. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஊசியும் கட்டாயம் போடவேண்டும். இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. ஒரு வீட்டார் மட்டும் போட்டுப் பயனில்லை. தெரு முழுவதும் ஒரே நாளில் போடுவதற்குச் சங்கமே ஏற்பாடு செய்யலாம்.

சேவல் விஷயமும் அத்தகையதே. ஒரு சேவல் எட்டுப் பத்துப் பெட்டைகளுக்குப் போதும். ஆனால் தன் குஞ்சுகளோடே அது மீண்டும் மீண்டும் சேருமாயின் முட்டை பொரியாது, பொரித்தாலும் குஞ்சு நோஞ்சானாகும். இரண்டு வருஷத்திற்கு ஒரு முறை அயலூர்ச் சங்கத்து அங்கத்தினரோடு சேவலை மாற்றிக்கொள்ளலாம். விலை கொடுக்கத் தேவையில்லை. வந்த சேவலை இரண்டு வாரம் தனியே கட்டி வைத்து, குடற்புழு மருந்து கொடுத்த பின்னரே பெட்டைகளோடு விடவேண்டும்.