வயல் நடுவே மூதாதையர் கற்கள்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவிற்கு வருவன கார்த்திகைத் தீபமும், அருணாசலேசுவரர் ஆலயத்தின் பதினொரு நிலை இராஜகோபுரமும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையுமே. தீபத்திற்கு வரும் அன்பர்கள் மலையை வலம் வந்து ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆயின், அவ்வாலயம் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பகுதியில் வாழ்ந்த மக்கள் தம் முன்னோருக்கு நாட்டிய கற்கள் மேட்டு நிலங்களில் இன்றும் நிற்கின்றன. அவற்றுட் பல, குடியானவர்களின் புன்செய்களை ஒட்டியே உள்ளன. ஆகவே, அவற்றைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது கடமையெனக் கருதினோம்.

இவற்றைப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பர் தொல்லியலார். இறந்தோரின் எலும்புகளைத் தாழியிலோ, கால்கள் பொருத்திய மண் பேழையிலோ இட்டுப் புதைத்து, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாக அடுக்குவது ஒரு முறை. இது கல்வட்டம். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி அறை போலாக்கி, மேலே பெரிய கல்லை மூடியாக வைப்பது கல்திட்டை. நிலத்தினுள் அமைத்தால் அது கற்பதுக்கை. நம் மக்கள் இவற்றைப் ‘பாண்டவர் வீடு’ என்றும், ‘குள்ளர் குகை’ என்றும் வழங்குவர். குள்ளர் எவரும் இங்கு வாழ்ந்ததில்லை. இவை வாழ்ந்த மனைகளும் அல்ல. நம்மைப் போன்ற மனிதர் தம் பெற்றோருக்கும் தலைவருக்கும் செய்த இறுதி மரியாதை இவை.

தண்டராம்பட்டுப் பக்கத்தில் உள்ள மோட்டூரில் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. கல்வட்டத்தில் ஆளுயரத்தை விஞ்சிய பலகைக் கல் ஒன்று மனித வடிவில் நிற்கிறது. கண் இல்லை, வாய் இல்லை, கால்களும் இல்லை; வளைந்து அகன்ற தோள்கள் மட்டுமே உண்டு. எனினும் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு யாரோ காவல் நிற்பது போலவே தோன்றும். தாய்த் தெய்வம் என்பர் சிலர். முன்னோரின் உருவம் என்பர் வேறு சிலர். விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும் இத்தகைய கல் ஒன்று உள்ளது. அதனை ஊரார் ‘விசிறிப் பாறை’ என்கின்றனர்.

கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற வந்தவாசி வட்டாரத்தில் கீழ்நமண்டி என்னும் சிற்றூர் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடத்தியது. ஈமப்பேழை அடக்கம் ஒன்றின் காலம் கரிமக் கணிப்பின்படி கி.மு. 1692 என 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூல் கூறுகிறது. அஃதாவது, இன்றைக்கு ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் முன்பு!

கல் நாட்டியோர் ஒருபுறமிருக்க, பாறையில் ஓவியம் தீட்டியோரையும் காண விழைவோர் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்கும், செஞ்சியை அடுத்த செத்தவரைக்கும் செல்லலாம். கீழ்வாலையில் செங்காவி நிறத்தில் மனிதரும் குதிரையும் தீட்டப்பெற்றுள்ளன. செத்தவரைப் பாறையில் மானும் மீனும் உள்ளன. வண்ணத்தை நீர் தெளித்துத் துலக்கிப் பார்ப்பதும், அருகில் பெயர் எழுதுவதும் கூடவே கூடாது. நூற்றாண்டுகள் பல தாங்கிய ஓவியத்தை ஒரு நாளின் விளையாட்டு அழித்துவிடும்.

உழவருக்கும் நெசவாளருக்கும் இதில் என்ன உண்டு என வினவலாம். பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னம் ஒன்றைத் திறந்தபோது, நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ என்பவர் அகழ்ந்த ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் நெல் உமியுடன் துணியின் சுவடுகளும் காணப்பெற்றன. கொடுமணலில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. இறந்தவரை வழியனுப்புகையில் அம்மக்கள் உடன் வைத்தவை நெல்லும் துணியுமே! நம் தொழில்களின் பழைய கணக்கேடு இம்மண்ணினுள் இருக்கிறது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. பல டன் எடையுள்ள மூடுகல்லை ஒருவரால் நகர்த்த இயலாது. நெம்பவும், இழுக்கவும், தாங்கவும், உழைப்போர்க்குச் சோறு ஆக்கவும் ஊரே கூடியிருத்தல் வேண்டும். கூட்டுறவு என்னும் சொல் புதிது, செயல் பழையது.

இந்தக் கணக்கேடு நாள்தோறும் கிழிந்து வருகிறது என்பதே கவலை. கற்குவாரிகள் பாறைகளை விழுங்குகின்றன. நிலம் திருத்தும் இயந்திரம் அரை நாளில் ஒரு வட்டத்தைக் கலைத்துவிடுகிறது. வட்டத்துக் கற்கள் வரப்பிற்கும் வேலிக்கும் போகின்றன. சிறு நிலத்தில் ஒரு மூலையை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை நாம் அறியாமலில்லை. ஆயினும் இடம் பெயர்ந்த கல் வெறுங்கல்லே. எவ்விடத்தில், எதனுடன், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதுதான் வரலாறு.

ஆகவே அங்கத்தினர்கட்கு நமது வேண்டுகோள் இது. நிலத்தில் கல்வட்டம் இருப்பின் அதனைச் சுற்றி உழுக. கிணறு தோண்டுகையில் தாழியோ பானையோ தென்பட்டால் கடப்பாரையை நிறுத்துக. உள்ளே பொன் இருக்குமென உடைத்துப் பார்த்தல் வீண். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைப்பின் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்வது நன்று.

அடுத்த பௌர்ணமிக்கு மலை வலம் வருவோர் ஒரு பகலை மோட்டூருக்கும் ஒதுக்குக. பிள்ளைகளை அழைத்துச் செல்க. கோபுரத்தைக் கட்டியோர் பெயர்களைக் கல்வெட்டுகள் சொல்லும். பெயர் சொல்ல எழுத்தில்லாத அம்மூதாதையருக்கு நாமே சாட்சி.