மென்பொருள் யார் கையில்?

ஒரு மென்பொருளை விரும்பியபடி இயக்கவும், அதன் மூல நிரலைப் படித்து மாற்றவும், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தைப் பரப்பவும் பயனருக்கு உரிமை இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த கருத்து இது. அவ்வுரிமைகளை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டால் அது தனியுரிம மென்பொருள். விலை அதிகம், பிழை திருத்தப்படவில்லை, பழைய கோப்பு திறக்கவில்லை என்பன அதன்மீது வைக்கப்படும் நடைமுறை மறுப்புகள். தன் கணினி என்ன செய்கிறது என்று அறியவும் மாற்றவும் விடாமல் பயனரைத் தடுப்பதே தவறு என்பது அற மறுப்பு.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் புதுக்கோட்டை மாவட்ட மாணவர்களுக்கும் கணினிகள் கிடைத்தன. அவற்றில் தனியுரிம இயங்குதளமான விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. மாணவர் காசு கொடுக்காததால் விலை பற்றிய மறுப்பு அங்கே எழவே இல்லை. ஆனால் விண்டோஸின் நிரலைப் பிரித்துப் படிக்கவோ, அதை நண்பனுக்கு நகலெடுத்துக் கொடுக்கவோ அம்மாணவருக்கு உரிமை இல்லை. பாஸில் இரண்டுக்கும் உரிமை இருந்தது. நடைமுறைக் குறையை நிறுவனமே நீக்கிவிட முடியும், ஆனால் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியை அந்த நீக்கம் தொடுவதில்லை.

குறையை நீக்குவதற்கும் அதிகாரத்தைக் கைமாற்றுவதற்கும் இடையிலான இந்த வேறுபாடு புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் கல் உடைத்துவந்த பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கூலியைச் சற்று உயர்த்தியிருந்தால் குறை அடங்கியிருக்கலாம், குவாரி மட்டும் ஒப்பந்தக்காரர் கையிலேயே இருந்திருக்கும்.

கட்டற்ற மென்பொருள் எப்போதும் மேலானது என்று வாதிடுவது நேர்மையாகாது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் செயலியில், மெய்யெழுத்துக்கு முன்னே கொம்பு வந்து அமர வேண்டிய தமிழ் எழுத்துகள் நெடுங்காலம் ஒழுங்காக அமையவில்லை. அச்சகத்தார் அதை ஒதுக்கியதில் நியாயம் உண்டு. ஆயினும் நிரல் திறந்திருந்ததால், அரபு எழுத்துக்காக ஓமான் நாட்டு நிரலாளர்கள் செய்த பணி 2017-இல் வெளிவந்த 1.5.3 பதிப்பில் சேர்ந்தது. தமிழும் அதனால் சீரடைந்தது. அதற்கு அவர்கள் எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.