நோவும் துயிலும்

தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோர் பலர். அப்பெயர் வந்த வரலாற்றை நினைப்போர் சிலரே. காசநோயாளர் தூய காற்றும் ஓய்வும் பெற்று நலமுற வேண்டுமென்று டாக்டர் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் இங்கே ஒரு மருத்துவ விடுதியை நிறுவினார். தக்க மருந்து காணப்படாத அக்காலத்தில் கட்டிலே மருத்துவம். பின்னர் மருந்து வந்தது. வீட்டிலிருந்தே அதனை உட்கொண்டோரும், விடுதியில் படுத்திருந்து உட்கொண்டோர்க்கு இணையாகக் குணமடைந்தனர் என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-இல் உலகுக்குக் காட்டிற்று. ஆயினும், படுத்திருந்தால் எந்நோவும் தீரும் என்னும் நம்பிக்கை நம்மைவிட்டு அகலவில்லை. மூட்டுவலியாலும் இடுப்புவலியாலும் துயில் இழந்தோர்க்கு அந்நம்பிக்கையே பகையாகின்றது.

மூன்று திங்களுக்குமேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் காலையில் உலவ வரும் என் வயதினரைக் கேட்டால், "வலி தூங்க விடுவதில்லை, சார்" என்பார்கள். அது பாதி உண்மையே. தூங்காமையால் வலி மிகுகின்றது என்பது மறுபாதி. 1975-இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில், நோயற்ற இளைஞர் சிலரின் ஆழ்துயிலை மட்டும் ஒலியெழுப்பிக் கலைத்து வந்தனர். சில இரவுகளிலேயே அவர்தம் தசைகள் நோவத் தொடங்கின! உறக்கம் குன்றிய மூளையில் வலியை உணரும் பகுதி மிகக் கிளர்ந்தும், அதனைத் தணிக்கும் பகுதிகள் சோர்ந்தும் இருப்பதைக் கலிபோர்னிய அறிஞர்கள் 2019-இல் கண்டனர். கரும்பலகையின்முன் நெடுங்காலம் நின்ற என் இடுப்பும் இதற்குச் சான்று பகரும்.

இனி, கட்டிலுக்கு வருவோம். ஒருவர் இரவு ஒன்பதுக்குப் படுத்துக் காலை ஐந்துக்கு எழுகின்றார். உறங்குவதோ ஐந்தரை மணி நேரமே. எஞ்சிய இரண்டரை மணியும் புரள்வதில் கழிகின்றது. நாளடைவில் படுக்கையைக் கண்டாலே அவர் மனம் விழித்துக்கொள்கின்றது. ஆகவே அவர் பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்துக்கே எழவேண்டும். துயில் வாராது கிடந்தால் எழுந்து, மங்கிய விளக்கொளியில் அமர்ந்திருந்து, கண் அயரும்போது திரும்ப வேண்டும். பகலுறக்கம் கூடாது, மாலைக் காபியும் வேண்டாம் (இதுதான் நம்மவர்க்குக் கடினம்). படுத்த நேரத்தில் பெரும்பகுதி உறக்கமாக நிரம்பிய பிறகு, கால்மணி கால்மணியாக நேரத்தைக் கூட்டலாம். முதல் இரு வாரங்கள் பகலில் அயர்வு மிகும். அந்நாட்களில் வண்டி ஓட்டலாகாது. வலிப்பு நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கவும் கூடாது.

இத்தகைய பழக்கமுறைப் பயிற்சியையே, தூக்க மாத்திரைக்கு முன்னதாக, அமெரிக்க மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. இது வலியை முற்றும் போக்கிவிடாது. இரவு மீண்டால் பகல் தாங்கத்தக்கதாகும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரை நாள்தோறும் உட்சென்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். தூக்க மாத்திரையோ முதியோரை நள்ளிரவில் குளியலறை வாயிலில் வீழ்த்திவிடக்கூடும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சடைப்பும் உடையவர்க்கு அம்மாத்திரை மேலும் தீங்கு. இரவில் கடுத்து எழுப்பும் வலியோடு காய்ச்சலோ உடல் மெலிவோ காணின், இப்பயிற்சியில் காலங்கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.