சொல்லாது காக்கும் அறம்

நுழையும்முன்

நோயுற்றவர், நெருங்கிய உறவினரிடமும் சொல்லத் தயங்குவதை மருத்துவரிடம் சொல்கிறார். அச்சொற்கள் அந்த அறையைவிட்டு வெளியேறமாட்டா என்னும் நம்பிக்கையே அவரைப் பேச வைக்கிறது. மருத்துவப் பணியில் இருப்போர் தம் பட்டறிவை எழுதும்போது அந்நம்பிக்கையைக் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எழுத்தும் மருத்துவமும்

மருத்துவம் எழுத்தால் வளர்ந்த துறை. ஒரு மருத்துவர் கண்ட அரிய நோய்க்குறியும், ஒரு செவிலியர் இரவுப்பணியில் கற்ற பாடமும் எழுதப்படும்போதுதான் பிறருக்குப் பயன்படுகின்றன. மருத்துவமனையின் குறைநிறைகளை மக்கள் அறிந்துகொள்வதற்கும் அவ்வெழுத்து துணைபுரிகிறது. ஆனால், அதன் ஒவ்வொரு வரியிலும் வேறொருவருடைய வாழ்க்கை அடங்கியிருக்கிறது. எழுதுபவருக்கு அது பட்டறிவு. எழுதப்படுபவருக்கோ அது அந்தரங்கம்.

அந்தரங்கம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுபவர், மருத்துவரிடம் உண்மையை மறைப்பார். அல்லது மருத்துவமனைக்கே வாராதிருப்பார். மறைக்கப்பட்ட நோய் முற்றும். தொற்றுநோயாயின் பிறருக்கும் பரவும். ஆகவே, மறைபொருள் காத்தல் என்பது மருத்துவத்தின் அடித்தளமே ஆகும்.

தொன்மையான உறுதிமொழி

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழி, பிறருடைய வாழ்வில் கண்டவற்றுள்ளும் கேட்டவற்றுள்ளும் வெளியில் பேசத்தகாதவற்றை மறைபொருளாகக் காக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு செவிலியருக்காக உருவாக்கப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழியும் இக்கடமையை வலியுறுத்துகிறது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்றுக்கொண்ட ஜெனீவாப் பிரகடனத்திலும் இது இடம்பெற்றது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து உதவுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் காண்கிறது. இன்று அந்த உதவுவோர் வரிசையில் செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர், ஆவணக் காப்பாளர், பயிற்சி மாணவர் எனப் பலர் உள்ளனர். நோயாளியின் செய்தி இவர்கள் அனைவரின் கைகளையும் கடந்தே செல்கிறது. எனவே, அதனைக் காக்கும் கடமையும் இவர்கள் அனைவருக்கும் உரியது.

ஒரு நூல் எழுப்பிய வினா

இங்கிலாந்தின் தலைமையமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1965 ஜனவரியில் மறைந்தார். அவருடைய மருத்துவரான மோரன் பிரபு, 1940 முதல் அவரைக் கவனித்துவந்தவர். சர்ச்சிலின் உடல்நிலையையும் தளர்ச்சியையும் விரிவாகக் கூறும் நாட்குறிப்புகளை அவர் 1966இல் நூலாக வெளியிட்டார். சர்ச்சிலின் குடும்பத்தார் அதனை எதிர்த்தனர். மருத்துவ உலகில் பெரும் விவாதம் எழுந்தது.

நாட்டை ஆண்டவரின் உடல்நிலையை அறியாமல் அக்கால வரலாற்றை அறிய இயலாது என்பது மோரன் தரப்பு வாதம். சர்ச்சில் பதவியில் இருந்தபோதே 1953இல் பக்கவாதத்தால் தாக்குண்டதும், அது பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டதும் அவ்வாதத்திற்கு வலிமை சேர்க்கின்றன. எனினும், மருத்துவர் என்ற முறையில் அறிந்ததை நண்பர் போலவோ வரலாற்றாசிரியர் போலவோ வெளியிடலாமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. 1968இல் ஜெனீவாப் பிரகடனம் திருத்தப்பட்டபோது, நோயாளி இறந்த பின்னரும் அவருடைய மறைபொருளைக் காக்க வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டது.

பெயரை நீக்கினால் போதுமா?

சிற்றூர் ஒன்றின் செவிலியர், “எங்கள் ஊர் அஞ்சல்காரர் ஒருவர் சென்ற திங்கட்கிழமை காசநோய்க்கு மருத்துவம் பெற வந்தார்” என்று எழுதுவதாகக் கொள்வோம். அதில் பெயர் இல்லை. ஆனால், அவ்வூரில் அஞ்சல்காரர் ஒருவரே இருப்பின், பெயரை எழுதியதற்கும் எழுதாததற்கும் வேறுபாடு இல்லை. தனித்தனியே நோக்கினால் தீங்கற்ற செய்திகள், ஒன்றுசேரும்போது ஒரு முகத்தை வரைந்துவிடுகின்றன.

இதனைக் கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி மெய்ப்பித்துக் காட்டினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள், பெயர்கள் நீக்கப்பட்டு ஆய்வுக்காக 1990களில் வழங்கப்பட்டன. அப்பதிவுகளை வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்ட ஸ்வீனி, பிறந்தநாள், பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக்கொண்டே அம்மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவைக் கண்டறிந்தார். இம்மூன்றும் தெரிந்தால் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று பின்னர்க் கணக்கிட்டார்.

தெரிந்து தெளிவோம்

நோயாளியின் ஒளிப்படத்தில் கண்களை மட்டும் கருப்புப் பட்டையால் மறைப்பது போதாது என மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு அறிவுறுத்துகிறது. முகவடிவு, தழும்பு, பச்சைக்குறி ஆகியனவும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும்.

சட்டத்தின் காவல்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள், நோயாளியை அடையாளம் காட்டும் ஒளிப்படத்தையோ நோய் அறிக்கையையோ அவருடைய இசைவின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ நேரக்கூடிய கடும் இடர், அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய் ஆகிய சூழல்களில் மட்டும் மறைபொருளை உரியவரிடம் தெரிவிக்க அவை இடமளிக்கின்றன. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டமும், எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும் மறைபொருள் காத்தலைத் தெளிவாக வரையறுத்தன.

எழுதுவோர் நெறி

முதற்கண், நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும். எது, எங்கே, யார் படிக்க வெளிவரும் என்பதை அவர் அறிந்து தந்தால்தான் அது ஒப்புதலாகும். தம்மைக் குணப்படுத்துபவர் கேட்கும்போது மறுக்க அஞ்சுவது இயல்பு. ஆகவே, மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதை அவருக்கு உணர்த்த வேண்டும்.

அடுத்து, கருத்துக்குத் தேவையற்ற ஊர், நாள், தொழில், குடும்ப விவரம் ஆகியவற்றை நீக்க வேண்டும். மருத்துவ உண்மை திரியும்படி அவற்றை மாற்றுதல் கூடாது. வயதையோ பாலினத்தையோ மாற்றினால் நோயின் விளக்கமே பிழையாகக்கூடும். ஊடுகதிர்ப் படத்தின் ஓரத்தில் அச்சிட்ட பெயரும், ஒளிப்படத்தின் பின்னணியில் தெரியும் படுக்கை எண்ணும் கவனத்திற்குரியவை.

இறுதியாக, எழுதியதை அந்நோயாளியின் கண்கொண்டு ஒருமுறை படித்தல் நன்று. அவருடைய அண்டைவீட்டார் படித்தால் அவரைக் கண்டுகொள்வாரா? அவரே படித்தால் மனம் நோவாரா? இவ்விரு வினாக்களுக்கும் ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல இயலாதபோது, அவ்வெழுத்தை வெளியிடாமல் நிறுத்துவதே தகும்.

மருத்துவப் பணியாளர் எழுதவே கூடாது என்பது இதன் பொருளன்று. நோயைப் பற்றி எழுதலாம். சிகிச்சையைப் பற்றி எழுதலாம். தம் பிழையையும் தயக்கத்தையும் எழுதலாம். நோயாளியின் வாழ்க்கையோ அவருக்கே உரியது. அது நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப்பொருள். அடைக்கலப்பொருளைக் காப்பவரின் எழுத்தே மருத்துவத்திற்கும் மக்களுக்கும் ஒருசேரப் பயன்தரும்.