சாட்டு இல்லை, வயிற்றுக்குத்துத்தான்

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அச்சுவேலிப் பக்கத்து வீடுகளில் காலைச் சாப்பாடு பெரும்பாடு. புட்டும் சம்பலும் கோப்பையில் அப்படியே கிடக்கும். "அம்மா, வயித்தைப் பிரட்டுது" என்று பிள்ளை சொல்லும். "பள்ளிக்கூடம் போகாமல் நிக்கிறதுக்குச் சாட்டு" என்று தாய் சொல்லுவாள். ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தே ஓய்வுபெற்றவள் நான். இந்த வழக்கில் எப்போதும் பிள்ளையின் பக்கம்தான் நின்றிருக்கிறேன். அந்த நோவு பொய்யில்லை.

உணவுக்குழாயில் தொடங்கி மலவாசல்வரை, நம் உணவுப்பாதையின் சுவருக்குள்ளே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. 1899இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியலாளர்கள் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து போகும் நரம்புகளை அறுத்துவிட்டுக் கவனித்தார்கள். மூளையின் தொடர்பு அறுந்த பிறகும் குடல் சுருங்கி விரிந்து, உள்ளே இருந்ததைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது.

தனியே வேலை செய்யத் தெரிந்த குடல், மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டும் இருக்கிறது. அதற்கான பெரும்பாதை வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்தாலும் நெஞ்சாலும் வயிற்றுக்கு இறங்குகிறது. மூளை கட்டளை போட வயிறு கேட்கிறது என்றுதான் பலரும் நினைத்திருப்போம். ஆனால் அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, வயிற்றின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறவை. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளிலும் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது. அங்கே அதன் வேலை குடலசைவை நடத்துவது.

சோதினைப் பயம் வந்ததும் மூளை ஆபத்துக்கால ஓமோன்களைச் சுரக்கச் செய்கிறது. அப்போது இரைப்பை தன் வேலையைத் தாமதப்படுத்துகிறது, பெருங்குடலோ அவசரப்படுகிறது. புட்டு இறங்காததும், மணி அடிக்குமுன் "டீச்சர், வெளியிலை போகட்டோ" என்று பிள்ளை ஓடுவதும் இதனால்தான். பயம் நாள்கணக்கில் நீடித்தால் குடல் நரம்புகள் கூருணர்வு அடைந்துவிடக்கூடும். மற்றவர்களுக்குத் தெரியாத சாதாரண வாயு அசைவுகூட அந்தப் பிள்ளைக்குக் குத்தாகப்படும். ஸ்கான் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டுவதுதான் எனக்கு ஆறாத கோபம்.

நம் நாட்டுப் பிள்ளைகளிடமே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் நிரங்கா தேவநாராயணவும் சமன் ராஜிந்திரஜித்தும் குழுவினரும் 10 முதல் 16 வயதுவரையான பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த வகை வயிற்றுநோவு இருந்தது. மன அழுத்தம் தரும் நிகழ்வுகளைச் சந்தித்த பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது.

எங்கள் ஊருக்கு இது புதிதுமல்ல. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அன்று தாயின் கையைப் பிடித்து நடந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனக்காயம் உடல் நோவாக வெளிப்படுவதை விரிவாக எழுதியிருக்கிறார். "எனக்கும் சின்னனிலை இப்படித்தான், டீச்சர்" என்று பெற்றோர் என்னிடம் சொன்னதுண்டு.

பரீட்சைக் காலையில் கோப்பை நிறையப் போட்டுத் திணிக்காதீர்கள். இரண்டு இடியப்பமும் கொஞ்சம் சொதியும் போதும். அரை மணித்தியாலம் முந்தி எழுப்புங்கள். ஆறுதலாக மலசலகூடம் போய்வர நேரம் வேண்டும். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குங்கள். வேகஸ் நரம்பு அதற்கு இணங்கும். வகுப்பில் வெளியே போகக் கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறிக்கக் கூடாது.

காய்ச்சல், ஓயாத சத்தி, மலத்தில் இரத்தம், எடை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் நோவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே பிள்ளை என்ன சாப்பிட்டது என்பதோடு, எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு முன், யாருடைய குரல் உயர்ந்தபோது நோவு வந்தது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.