ஆயில் மாற்றி 20 நாளில் என்ஜின் 'அவுட்'! பில்லில் இருந்தது 3½ லிட்டர்.. காருக்கு வேண்டியது 5.3 லிட்டர்: கார் வைத்திருப்போர் உஷார்

ஸ்ரீபெரும்புதூர்,

"சார், ஆயில் மாத்தி 20 நாள்தான் ஆச்சு. பில்லு கூட பையிலதான் இருக்கு. அப்புறம் எப்படி சார் என்ஜின் போகும்?"

ஒரகடம் அருகே உள்ள ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, கண் கலங்க இப்படி கேட்டார் ஆக்டிங் டிரைவர் ஒருவர். 15 வருடமாக அடுத்தவர் காரை ஓட்டியவர். சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்ற ஆசையில் மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு பைனான்ஸ் போட்டு, 2016-ம் ஆண்டு மாடல் கிரெட்டா டீசல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

வாங்கிய கையோடு, வீட்டு பக்கத்தில் இருந்த கடையில் ஆயில் மாற்றினார். 20 நாள் கழித்து குடும்பத்தோடு ஏலகிரிக்கு கிளம்பினார். அங்கேதான் விதி விளையாடியது.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மறைந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் அணைந்துவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும் மின்னியது. "வயரிங்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சிட்டேன் சார். மேல போய் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்கிறார்.

மேலே போய் சேருவதற்குள் என்ஜினில் 'கட கட' என்று சத்தம். கார் அப்படியே நின்றுவிட்டது. லாரியில் ஏற்றி ஊருக்கு கொண்டு வந்து பிரித்து பார்த்ததில் பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாப்ட் வரை அடி வாங்கி இருந்தது. செலவு லட்சத்தை தாண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடகு வைத்த நகை இன்னும் மீட்கப்படவில்லை.

காரணம் என்ன? அவர் கையில் இருந்த பில்லிலேயே அது எழுதி இருந்தது. 'என்ஜின் ஆயில் 3½ லிட்டர் - 1 கேன்'.

9 சி.சி. வித்தியாசம்.. 1.7 லிட்டர் ஆயில் வித்தியாசம்

இதுபற்றி அந்த காரை பிரித்து பார்த்த மெக்கானிக் கூறியதாவது:-

"வண்டி பேரை வெச்சு ஆயில் ஊத்தக்கூடாதுங்க. என்ஜினை வெச்சுதான் ஊத்தணும். ஆயில் மாத்தின பையன் அதுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் கிரெட்டாவுக்கு ஒரு கேன் ஊத்தி இருப்பான். அதே பழக்கத்துல இதுக்கும் ஒரு கேனோட முடிச்சிட்டான். டிப் ஸ்டிக்கை இழுத்து பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

இவ்வாறு அவர் கூறினார்.

அவர் சொல்வது புத்தகத்தோடு பொருந்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2015-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை கிரெட்டாவில் 3 என்ஜின்கள் உண்டு. 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 1,591 சி.சி. 1.6 லிட்டர் டீசல் என்ஜின் 1,582 சி.சி. இரண்டுக்கும் 9 சி.சி.தான் வித்தியாசம். இன்னொன்று 1,396 சி.சி. டீசல்.

ஆனால் ஆயில் அளவு? பெட்ரோலுக்கு பில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர். டீசலுக்கு 5.3 லிட்டர். அதாவது 1.7 லிட்டர் அதிகம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பாடி, ஒரே பேர். பானெட்டுக்கு கீழே இரண்டும் வேறு வேறு ஜாதி.

டீசல் என்ஜின் ஏன் இவ்வளவு குடிக்கிறது? டீசல் எரியும்போது கரி அதிகம் சேரும். அந்த கரியை சுமப்பது ஆயில்தான். டீசலில் அழுத்தமும் அதிகம், சூடும் அதிகம். இது போதாது என்று டர்போ வேறு. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதை தாங்கி பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் நின்றால் முதலில் அடி வாங்குவதில் டர்போவும் ஒன்று.

வளைவில் மட்டும் விளக்கு எரிந்தது ஏன்?

என்ஜினுக்கு அடியில் தொட்டி மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதை 'ஆயில் சம்ப்' என்பார்கள். அதன் அடியில் இருந்துதான் பம்ப் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். ஆயில் சரியான அளவில் இருந்தால் வண்டி எப்படி சாய்ந்தாலும் உறிஞ்சும் குழாய் மூழ்கியே இருக்கும்.

அளவு குறைந்தால், மேடு ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நொடியில் பேரிங்குக்கு ஆயில் போகாது. இரும்போடு இரும்பு உரசும். அதனால்தான் சமவெளியில் 20 நாள் ஓடிய வண்டி, மலையில் மாட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எண்ணெய் கெண்டி மாதிரி படம் போட்ட அந்த சிவப்பு விளக்கு, ஆயில் அளவை காட்டும் விளக்கு அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று அலறும் விளக்கு. அது எரிகிறது என்றால் என்ஜின் ஏற்கனவே தண்ணீருக்கு தவிக்கும் மனிதன் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை மின்னினாலும் ஓரம் கட்டுங்கள். என்ஜினை அணையுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோ மீட்டர்தானே' என்று ஓட்டாதீர்கள்.

கெட்டி ஆயில் நல்லதா?

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ரகமும் சரியாக இருக்க வேண்டும்.

'நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சரி' என்று சொல்லும் பழைய ஆட்கள் இன்றும் உண்டு. அம்பாசடர், பத்மினி காலத்தில் 20டபிள்யூ-50 ஊற்றி பழகிய கை அது. இப்போது வரும் என்ஜின்களில் உள்ளே இடைவெளி மிகவும் குறைவு. ஆயில் போகும் துளைகளும் சிறியவை. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய் சேர தாமதம் ஆகும். என்ஜின் அதிகம் தேய்வது அந்த நேரத்தில்தான். மைலேஜும் குறையும்.

கேனில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தை குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை சொல்கிறது. எண் குறைய குறைய ஓட்டம் சுலபம். பின்னால் உள்ள எண், என்ஜின் சூடாக இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை சொல்கிறது. 100 டிகிரி செல்சியசில் அளந்து இந்த எண்ணை கொடுக்கிறார்கள். நம்ம ஊர் வெயில் 42 டிகிரி என்றாலும், என்ஜினுக்குள் ஆயில் அதை விட இரண்டு மடங்குக்கு மேல் சூடாகத்தான் ஓடுகிறது. எனவே வெளி வெயிலை பார்த்து கெட்டி ஆயில் தேட வேண்டியது இல்லை.

அடுத்து ஏ.பி.ஐ. என்ற முத்திரை. அதில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. என்று எழுத்து போக போக புதிய தரம். எஸ்.பி. தரம் 2020-ல் வந்தது.

2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.-6 விதி வந்த பிறகு தயாரான டீசல் கார்களில், புகையில் உள்ள கரியை பிடிக்க டி.பி.எப். என்ற வடிகட்டி வைக்கிறார்கள். இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைவாக உண்டாக்கும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் ஆயில் ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இதை மாற்றும் செலவும் பெரிய செலவு.

ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்

ரகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மறைமலைநகரில் தயாரான போர்டு ஈக்கோஸ்போர்ட் நல்ல உதாரணம். இந்தியாவில் 2013-ல் விற்பனைக்கு வந்த இந்த காரின் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. ஆனால் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் இன்றும் கை மாறிக்கொண்டு இருக்கிறது.

இதில் 1.0 லிட்டர் 'ஈக்கோபூஸ்ட்' பெட்ரோல் என்ஜின் ஒரு தனி ரகம். பல கார்களில் டைமிங் பெல்ட் வெளியே காய்ந்த இடத்தில் ஓடும். இதில் பெல்ட் என்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. அதனால் இதற்கு 5டபிள்யூ-20 ஆயில், அதிலும் போர்டின் 'டபிள்யூ.எஸ்.எஸ்.-எம்2சி948-பி' தரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். பொருந்தாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றாமல் நாள் கடத்தினாலோ ரப்பர் பெல்ட் ஊறி உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த துகள், பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் முழு அளவு இருந்தும் என்ஜினுக்கு போகாது. ஏலகிரியில் நடந்த அதே கதைதான், வேறு வழியில்.

ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. இங்கிருந்து கப்பல் ஏறி அமெரிக்கா போன 2018 முதல் 2022 வரையிலான 1.0 லிட்டர் ஈக்கோஸ்போர்ட் கார்களும், போர்டு போகஸ் கார்களும் 2023 டிசம்பரில் அங்கே திரும்ப அழைக்கப்பட்டன. மொத்தம் 1 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேல். ஆயில் பம்ப் பெல்ட்டையும் அதை இழுத்து பிடிக்கும் பாகத்தையும் பற்றிய பிரச்சினை அது. அது பாகத்தின் கோளாறு, ஊற்றிய ஆயிலின் கோளாறு அல்ல. ஆனால் முடிவு ஒன்றுதான். ஆயில் அழுத்தம் போனால் என்ஜின் காலி.

கூடினாலும் வம்பு

'குறைஞ்சாதானே பிரச்சினை, கொஞ்சம் கூட இருந்துட்டு போகட்டும்' என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மேல் ஊற்றினால் சுற்றும் கிராங்க் ஷாப்ட் ஆயிலை மோர் கடைவது போல் கடைந்துவிடும். நுரை கிளம்பும். நுரையை பம்ப் செய்தால் அழுத்தம் கிடைக்காது. சீல் வழியாக கசிவும் வரும்.

டி.பி.எப். உள்ள டீசல் காரில் ஆயில் மட்டம் தானாகவே ஏறுவதும் உண்டு. வடிகட்டியை சுத்தம் செய்ய வண்டி கூடுதலாக டீசலை எரிக்கும்போது, எரியாத டீசல் ஆயிலில் கலப்பதால் வரும் வினை இது. பக்கத்து கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இது அதிகம். மட்டம் ஏறி இருந்தால் சந்தோஷப்படாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டிப் ஸ்டிக் பார்ப்பது எப்படி?

* வண்டியை சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜின் சூடானதும் அணைத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள்.

* குச்சியை இழுத்து துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி இழுத்து பாருங்கள்.

* 'எல்' குறிக்கும் 'எப்' குறிக்கும் நடுவே ஆயில் இருக்க வேண்டும். பல கார்களில் இந்த 2 குறிகளுக்கு இடையே உள்ள அளவு சுமார் 1 லிட்டர்தான். ஏலகிரி போன காரில் கிட்டத்தட்ட 1.8 லிட்டர் குறைவு. அதாவது குச்சியில் ஆயில் 'எல்' குறிக்கும் கீழே போய்விட்டிருக்கும்.

* 15 நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 2 நிமிட வேலை.

டீசல் வண்டியில் ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். அதை பார்த்து 'ஆயில் கெட்டுப்போச்சு' என்று பயப்பட தேவை இல்லை. கரியை சுமப்பது அதன் வேலை. கிலோ மீட்டர் கணக்கை வைத்து மாற்றுங்கள். பல கார்களுக்கு 10 ஆயிரம் கி.மீ. அல்லது 1 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. டிராபிக்கில் ஊர்ந்து, ஏ.சி. போட்டு நின்றபடியே ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

ஊற்றும் முன் 4 கேள்வி

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களுக்கு பெரும்பாலும் கையேடு புத்தகம் கிடைப்பது இல்லை. ஆர்.சி.யில் எரிபொருளும் சி.சி.யும் இருக்கும். அதை வைத்து அந்த என்ஜினுக்கு உரிய புத்தகத்தை கம்பெனி இணைய தளத்திலோ, சர்வீஸ் சென்டரிலோ பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று இந்த 4 கேள்வியை கேளுங்கள்:-

1. இந்த என்ஜினுக்கு பில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர்?

2. எந்த ரகம்? புத்தகத்தில் உள்ள நம்பர் கேனில் இருக்கிறதா?

3. பில்டர் மாற்றியாச்சா?

4. ஊற்றி முடித்து, என்ஜினை கொஞ்சம் ஓடவிட்டு அணைத்த பிறகு டிப் ஸ்டிக்கை காட்டுகிறீர்களா?

சீல் உடைக்காத கேனை உங்கள் கண் முன்னால் திறக்க சொல்லுங்கள். காலி கேனை கிழித்துவிட்டு வாருங்கள். இல்லை என்றால் அதே கேன் போலி ஆயிலோடு திரும்பி வரலாம். வடித்த பழைய ஆயிலை கால்வாயில் ஊற்ற விடாதீர்கள். அது நம் கிணற்றுக்குத்தான் வந்து சேரும்.

இப்படி கேட்டால் மெக்கானிக் கோபித்துக்கொள்வாரா? "நல்ல மெக்கானிக் கோச்சுக்க மாட்டான். கோச்சுக்கிட்டா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க" என்று சிரிக்கிறார் ஒரகடம் மெக்கானிக்.

அந்த டிரைவர் மறுபடியும் அடுத்தவர் காரை ஓட்டப்போய்விட்டார். மாதா மாதம் பைனான்ஸ் தவணை கட்டிக்கொண்டு, என்ஜின் வேலைக்கு பணம் சேர்க்கிறார். "இப்பல்லாம் எந்த வண்டி சாவி கைக்கு வந்தாலும் மொதல்ல பானெட்டை திறந்து குச்சியை இழுத்து பாத்துடுவேன் சார். 15 வருஷமா ஸ்டீயரிங்கை புடிச்சேன். குச்சியை புடிக்க ஒரு லட்சம் செலவாச்சு" என்றார்.