பழ ஈயும் குழந்தையின் கண்ணும்



வாழைப்பழம் சற்றே கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் சிவந்த கண்ணுள்ள சிறு ஈயை நீங்கள் அறிவீர்கள். "இதை வளர்த்து ஆராய்வதற்கு ஏன் பணம்? அதை வியாதியஸ்தருக்குக் கொடுக்கலாகாதா?" என்று நல்ல மனதோடு கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு பதில் சொல்ல முயலுகிறோம்.

இந்த ஈ பத்தே நாளில் முட்டையிலிருந்து முழு ஈயாகிவிடும். ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் நூற்றுக்கணக்கில் வளரும். ஆகவே தலைமுறை தலைமுறையாக என்ன இறங்கி வருகிறது என்று சீக்கிரமாய்ப் பார்க்கலாம். கண் சிறுத்தோ, கண்ணே இல்லாமலோ பிறக்கும் ஈக்களைப் பற்றி 1915-இல் எழுதினார்கள். அதற்குக் காரணமான மரபணுவுக்கு "கண்ணற்றது" என்றே பெயர். வெகுகாலம் அது ஈக்களின் காரியமாகவே இருந்தது.

மனிதரிலோ, சில குழந்தைகள் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை இல்லாமல் பிறக்கின்றன. அனிரிடியா என்பார்கள். வெளிச்சத்தில் கண் கூசும், பார்வையும் குறைவு. இதற்குக் காரணமான மரபணு 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் என்பவரின் குழுவினர் 1994-இல் ஈயின் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது! அடுத்த ஆண்டு அதை ஈயின் காலிலும் சிறகிலும் வேலைசெய்ய வைத்தார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது. சுண்டெலியின் மரபணுவை வைத்தபோதும் கண் முளைத்தது; ஆனால் எலிக்கண் அல்ல, ஈயின் கண்ணே. வாசித்தபோது எங்களுக்கே நம்பக் கஷ்டமாயிருந்தது.

அதாவது, இந்த மரபணு மேஸ்திரியைப் போல் மற்ற மரபணுக்களை வேலைக்கு ஏவுகிறது. அதனால்தான் இக்குழந்தைகளுக்கு நிறத்திரை மட்டுமல்ல, கண்ணின் மற்றப் பாகங்களும் பாதிக்கப்படுகின்றன. பிற்பாடு கண்புரையும் கண் நீரழுத்தமும் வரக்கூடும்.

இதைக் குணமாக்கும் மருந்து ஈயிலிருந்து வந்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகும். ஆனால், கிரகணத்தில் வெளியே போனாய் என்று தாயைக் குற்றஞ்சாட்டும் வீட்டாருக்குச் சொல்ல உண்மையான காரணம் உண்டு: மரபணுவின் பழுது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரலாம், புதிதாகவும் தோன்றலாம். இன்னும் ஒன்று. சில குழந்தைகளில் பக்கத்து மரபணு ஒன்றும் சேர்ந்தே விடுபட்டிருக்கும். அவர்களுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தால், சில மாதங்களுக்கொருமுறை ஸ்கேன் எடுத்து, கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டுபிடிக்கலாம்.